11 லட்சம் ரூபாயை வைத்து ஒரு எஸ்டேட்டை மறுபடி எழுப்ப முடியுமா?

பதில் தடம் மாறாமல் இருக்கக் கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிக்கொள்கிறேன். மூணாறுக்கு அப்பால் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்து, இப்போது கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் நீங்கள் சிலர் சேர்ந்து 11 லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறீர்கள். போன மழையில் மண் சரிந்து இரண்டு லைன்கள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) காலியாகிவிட்டன. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. சாலை இன்னும் அரைகுறையாகக் கிடக்கிறது, தொழிற்சாலை வாரத்தில் சில நாட்கள்தான் ஓடுகிறது. இந்தப் பணத்தில் பெண்களுக்குத் தையல் யூனிட் போடலாமா, காளான் வளர்க்கச் சொல்லலாமா, வீட்டுக்கு ஒரு மாடு வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அடுத்த மழைக்குள் அந்த நூற்றுச்சொச்சம் குடும்பங்களும் சிதறிப் போய்விடக் கூடாது என்ற கவலை கேள்விக்கு அடியில் தெரிகிறது. அந்தக் கவலைக்கே பதில் சொல்கிறேன்.

நான் மலைப்பகுதி வங்கிக் கிளைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது போடியிலிருந்து சில சுயஉதவிக் குழுக்களின் கணக்கு வழக்குகளைப் பார்த்துக் கொடுக்கிறேன். மலையில் பணம் எந்த வழியாக வருகிறது, எந்த வழியாக ஒழுகிப் போகிறது என்பது எனக்குத் தெரியும். மண் எப்படி நகர்கிறது என்பது என் படிப்புக்கு வெளியே. காலியான லைன்களில் மறுபடி ஆள் குடியேறலாமா என்பதை இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தாரும் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையமும்தான் சொல்ல வேண்டும். அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தக் காகிதம் கைக்கு வரும்வரை அந்த இரண்டு லைன்களின் ஓட்டுக்கோ சுவருக்கோ உங்கள் பணத்தில் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். தவிர, லைன் வீடு நிர்வாகத்தின் சொத்து. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பைக் கொடுக்கும் பொறுப்பை முதலாளியின் தலையில்தான் வைத்தது. அவர்கள் செய்ய வேண்டிய வேலையை நன்கொடைப் பணத்தில் நீங்கள் செய்துவிட்டால், நாளைக்கு அவர்களிடம் போய்க் கேட்கும் வாயை நீங்களே அடைத்தவர்கள் ஆவீர்கள்.

இனி நேரடிப் பதில். முதல் ஒரு வருடத்துக்குப் புதுத் தொழில் எதுவும் வேண்டாம். தையலும் வேண்டாம், காளானும் வேண்டாம். இதை நான் உறுதியாகவே சொல்கிறேன். இடிந்துபோன ஊருக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் தொழில் கொண்டுவருகிறார்கள். ஒரே மாதிரி தையல் மெஷின்கள் இருபது வந்து இறங்கும். துணி எங்கிருந்து வரும், தைத்ததை யார் வாங்குவார்கள், வாங்குகிறவர் இருக்கும் ஊருக்குப் போகிற ஜீப் கூலி எவ்வளவு என்ற மூன்று கேள்விகளையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மெஷினோடு படம் எடுத்துக்கொண்டவர்கள் போன பிறகு, அடுத்த கல்யாணச் செலவுக்கு அது அடகுக்குப் போகும். அடகு வைத்தவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது ரொக்கம்.

அந்தக் குடும்பங்களுக்குத் தொழில் ஏற்கெனவே இருக்கிறது. கொழுந்து பறிக்கும் வேலையில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. நின்று போனது அந்த வேலைக்குப் போகும் வழி, அந்த வேலையின் கூலி வரும் ஒழுங்கு. தேயிலையில் ஒரு சுற்று பறித்துவிட்டு ஒன்றிரண்டு வாரத்துக்குள் அதே செடிக்குத் திரும்பி வர வேண்டும். பறித்த கொழுந்து அன்றன்றைக்குத் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர வேண்டும். சாலை அறுந்தால் கொழுந்து வாடும், சுற்று தவறினால் இலை முற்றும், முற்றிய காட்டைக் கவாத்து வெட்டித்தான் (செடியின் மேல்பகுதியை வெட்டித்தான்) சரிசெய்ய வேண்டும், கவாத்து வெட்டிய காட்டில் சில மாதங்களுக்குப் பறிக்க ஒன்றும் இருக்காது. சாலை அடைப்பு நீண்டால் அது மாதக்கணக்கில் கூலியைத் தின்பது இப்படித்தான். ஆகவே உங்கள் ஆட்கள் சண்டை போட வேண்டிய முதல் விஷயம் சாலை. அதற்குப் பணம் தேவையில்லை. பஞ்சாயத்திலும் பொதுப்பணித் துறையிலும் விடாமல் போய் உட்காரும் நான்கு பேர் தேவை.

மூணாற்றின் சரித்திரமே இதைச் சொல்கிறது. 1924 ஜூலையில் வந்த வெள்ளத்தை, மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டில் அது 1099 என்பதால் இன்றும் '99 வெள்ளம்' என்கிறார்கள். அதில் மூணாறு பஜார் போனது, குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சின்ன ரயிலும் போனது. ரயிலை மறுபடி போடவே இல்லை. மாங்குளம், குட்டம்புழை வழியாக ஆலுவாய்க்குப் போன பழைய சாலையும் அழிந்து, பிறகு அடிமாலி, நேரியமங்கலம் வழியாகப் புதிய சாலை வந்தது. நேரியமங்கலத்துப் பாலம் 1935-இல் திறக்கப்பட்டது. இன்றைக்கு அடிமாலி எப்படி இருக்கிறது, பழைய வழியில் கிடந்த இடங்கள் எப்படி இருக்கின்றன என்று நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அடுத்தது கடை. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே எழுதப் போகிறேன், ஏனென்றால் நன்கொடை திரட்டுகிறவர்கள் யாரும் இதைப் பார்ப்பதில்லை. உங்கள் எஸ்டேட்டில் இரண்டு மூன்று பலசரக்குக் கடைகள் இருக்கும். மாதம் முழுவதும் அரிசி, எண்ணெய், சோப்பு, பிள்ளைக்கு நோட்டு, காய்ச்சலுக்கு மாத்திரை எல்லாம் பற்று நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, சம்பள நாளில் தீர்ப்பார்கள். அந்த ஊரின் உண்மையான வங்கி அந்த நோட்டுதான். நான் வேலை பார்த்த கிளையைவிட அதிகக் குடும்பங்களுக்கு, அதிகத் தடவை, அடமானம் இல்லாமல் கடன் கொடுத்தது அது. கூலி பாதியானவுடன் பற்று ஏறும். பற்று ஏறினால் போடியிலோ மூணாற்றிலோ இருக்கும் மொத்த வியாபாரி கடைக்காரருக்குச் சரக்கு கொடுப்பதைச் சுருக்குவார். கடைக்காரர் முதலில் சீனியையும் பருப்பையும் குறைப்பார், பிறகு "ரொக்கம் இருந்தால் வா" என்பார், கடைசியில் கதவைச் சாத்திவிட்டு மகன் வீட்டுக்குப் போய்விடுவார். அதன்பின் அரிசி வாங்க ஜீப்புக்குக் காசு கொடுத்து டவுனுக்குப் போக வேண்டும், போக ரொக்கம் வேண்டும், ரொக்கத்துக்கு வாரத் தவணைக் கடன்காரர் வேண்டும். குடும்பங்கள் கீழே இறங்கி வருவது பெரும்பாலும் மண் சரிந்த அன்றைக்கு அல்ல. வாரத் தவணைக்காரர் மூன்றாவது முறை வாசலில் வந்து நின்ற பிறகுதான்.

இதில் நல்ல மனதோடு வருகிற லாரிகளுக்கும் பங்குண்டு. முதல் மூன்று வாரம் அரிசியும் கம்பளியும் தேவை, அதில் சந்தேகமில்லை. மூன்றாவது மாதமும் இலவச அரிசி இறங்கிக்கொண்டே இருந்தால் உள்ளூர்க் கடைக்காரர் யாருக்கு விற்பார்? ஆகவே இனிமேல் பொருளாக எதையும் அனுப்பாதீர்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று கூப்பன் அடித்து, அந்த எஸ்டேட் கடைகளில் மட்டும் செல்லும்படி செய்யுங்கள். மாதக் கடைசியில் கூப்பனை எண்ணிக் கடைக்காரருக்குப் பணம் கொடுத்துவிடலாம். அதே ரூபாய் குடும்பத்துக்குச் சோறாகவும் கடைக்குச் சரக்காகவும் இரண்டு வேலை செய்யும். கூடவே ஒரு மூன்று லட்சத்தை எடுத்து, கடைகளுக்கு வட்டியில்லாத சுழல் கடனாகக் கொடுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: பற்று நோட்டை மூடக் கூடாது, பழைய பாக்கிக்காக யாரையும் ஆறு மாதத்துக்கு நெருக்கக் கூடாது. இது எல்லா இடத்திலும் பலித்தது என்று சொல்ல மாட்டேன். கடைக்காரர் ஊர்க்காரராக இருந்து, பெண்களுக்கு அவர்மேல் நம்பிக்கை இருந்த இடங்களில் பணம் திரும்பி வந்திருக்கிறது. கடைக்காரரே வட்டிக்குவிடுகிறவராக இருந்த இடத்தில் வரவில்லை. உங்கள் ஊர்க் கடைக்காரர்கள் எந்த ரகம் என்பது உங்கள் அம்மாக்களுக்குத் தெரியும்.

ஒழுகுகிற இடங்களில் இன்னொன்று வங்கிக் கணக்கு. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் புதைந்த பிறகு, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு 10,000 ரூபாய் அவசர உதவியைக் கணக்கில் போட்டது. சிலருடைய கணக்கில் அந்தப் பணம் விழுந்ததும் பழைய கடனின் மாதத் தவணையை வங்கியின் கணினி தானாகப் பிடித்துக்கொண்டது. பெரிய கண்டனம் எழுந்து, பிடித்த தொகை திருப்பித் தரப்பட்டது. மனிதர் யாரும் உட்கார்ந்து செய்த கொடுமை இல்லை அது. முன்பே கொடுத்து வைத்த உத்தரவைக் கணினி நிறைவேற்றியது, நிறுத்தச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. உங்கள் ஆட்களுக்கு என் யோசனை எளிமையானது. கடன் இல்லாத வேறொரு வங்கியிலோ அஞ்சலகத்திலோ குறைந்தபட்ச இருப்புத் தேவையில்லாத கணக்கு ஒன்றைத் தொடங்கி, உதவித்தொகை எல்லாவற்றுக்கும் அந்த எண்ணைக் கொடுக்கச் சொல்லுங்கள். கடன் இருக்கும் வங்கியில், தவணை தவறும் முன்பே, இயற்கைச் சீற்றத்தால் வருமானம் போய்விட்டது, தவணையைத் திருத்தி அமைத்துத் தர வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளட்டும். அரசு பாதிக்கப்பட்ட பகுதி என்று அறிவித்த இடங்களில் தவணையைத் தள்ளிவைத்துக் கடனைத் திருத்தி அமைக்க ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள் இடம் கொடுக்கின்றன. ஆனால் அது தள்ளுபடி ஆகாது, வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். இதைத் தெளிவாகச் சொல்லாமல் "கடன் நின்றுவிட்டது" என்று யாராவது மேடையில் பேசினால் பிறகு வீண் மனத்தாபம்தான் மிஞ்சும்.

2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு, குடும்பஸ்ரீ என்ற மாநில அரசுத் திட்டத்தின் பெண்கள் குழுக்களான அயல்கூட்டங்கள் வழியாக ஒரு லட்சம் ரூபாய் வரை வட்டியில்லாக் கடன் கொடுத்தார்கள், வட்டியை மாநில அரசு ஏற்றுக்கொண்டது. என் கணிப்பில் அந்தச் சமயத்தில் செய்தவற்றுள் உருப்படியானவற்றில் அதுவும் ஒன்று. காரணம், பணம் ஏற்கெனவே வாராவாரம் கூடிக்கொண்டிருந்த பெண்களின் குழு வழியாகப் போனது, புதிதாக ஒரு சங்கத்தைக் கட்ட வேண்டியிருக்கவில்லை. அப்படியொரு திட்டம் உங்கள் பஞ்சாயத்துக்கு இப்போது வருமா என்பது மாநில அரசின் அறிவிப்பைப் பொறுத்தது. ஆனால் உங்கள் லைன்களில் அயல்கூட்டம் உயிரோடு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். கூட்டம் நின்றுபோயிருந்தால் மறுபடி கூடச் செய்யுங்கள், வாரம் பத்து ரூபாய் சேமிப்பானாலும் சரி.

காகிதம் பற்றியும் சொல்லியாக வேண்டும். எல்லைக்காரர்களுக்கு இதில் இரட்டைத் தலைவலி. பாதிப்பேருக்கு ரேஷன் கார்டு தேனியிலோ தூத்துக்குடியிலோ இருக்கும், வேலை இடுக்கியில். ஒரே நாடு ஒரே ரேஷன் ஏற்பாட்டில் மத்திய அரசின் பங்கான தானியத்தை எங்கும் வாங்கலாம், மாநிலம் தன் பங்குக்குத் தருவது அதோடு சேர்ந்து வராது. கேரளத்தின் நிவாரணப் பட்டியலோ அங்குள்ள கார்டையும் முகவரியையும் பார்த்துத்தான் எழுதப்படுகிறது. வீட்டுக்கான உதவியும் சொந்த வீடு வைத்திருப்பவரை மனதில் வைத்து வகுத்தது. லைனில் இருப்பவருக்கு வீடும் இல்லை, நிலப் பட்டாவும் இல்லை, போனது பாத்திரமும் பீரோவும்தான். ஆகவே போன பொருட்களின் பட்டியலை வில்லேஜ் ஆபீஸில் எழுத்தில் கொடுத்திருப்பது முக்கியம். விண்ணப்பம் மலையாளத்தில் இருக்கிறது என்று பலர் தயங்கி நிற்பார்கள். கேரளத்தில் தமிழர் செறிவாக வாழும் பகுதிகளில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுத மொழிச் சிறுபான்மையினருக்கு உரிமை இருக்கிறது. இருந்தாலும் நடைமுறைக்கு ஒரு மலையாளப் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள், கோப்பு வேகமாக நகரும். இதற்கு அக்ஷயா மையத்தில் (கேரள அரசின் இ-சேவை மையம்) பழக்கமுள்ள ஒரு பெண்ணுக்கு ஆறு மாதம் சம்பளம் கொடுத்து உட்கார வைத்தால், 11 லட்சத்தில் மிக லாபகரமான செலவு அதுவாகத்தான் இருக்கும்.

கூலி குறைந்திருக்கும் மாதங்களில் பக்கத்து வேலைக்குப் போக ஜீப் செலவில் பாதியை ஏற்றுக்கொள்ளலாம். உடும்பன்சோலை பக்கம் ஏலக்காய்த் தோட்டங்களில் காய் எடுக்கும் காலத்தில் ஆள் தேவை எப்போதும் உண்டு. ஏலமும் சாதுவான பயிர் இல்லை. 2019 ஆகஸ்டில் இடுக்கியின் புத்தடியில் நடந்த ஏல விற்பனையில் கிலோ 7,000 ரூபாய் வரை போன அதே காய், சில ஆண்டுகளில் 1,000-க்கும் கீழே இறங்கியது. 2024 கோடையின் வெயிலில் செடிகளே காய்ந்தன. புதிதாக நட்டால் காய்க்க இரண்டு மூன்று வருடம். கூலிக்குப் போவதற்கு அது நல்ல இடம், இந்த 11 லட்சத்தைச் செடியாக நட அது இடமில்லை. ஜீப்பும் என்றைக்கும் ஓடும் என்று நினைக்க வேண்டாம். 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு பிரச்சினையின்போதும், 2020 மார்ச்சில் ஊரடங்கின்போதும் எல்லை தாண்டிய தோட்ட வேலை நின்றதை நம் பக்கத்தார் மறக்கவில்லை.

சுற்றுலாவை நம்பலாமா என்று உங்களில் ஒருவர் கேட்டிருந்தார். இதில் எனக்கு நிச்சயமான பதில் கிடையாது, ஒரு சந்தேகம் மட்டும் உண்டு. 2018 ஆகஸ்ட் நினைவிருக்கிறதா? பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியை எதிர்பார்த்து அறைகளுக்கு வெள்ளையடித்து, கடன் வாங்கிக் கட்டில் போட்டவர்கள் இருந்தார்கள். பூக்கிற நேரத்தில் வெள்ளம் வந்து சாலைகளை அறுத்தது. கொழுந்துக் கூலியும் அறை வாடகையும் ஒரே மழையில் நிற்குமானால், வீட்டில் இரண்டு வருமானம் இருப்பதாகக் கணக்கு எழுதக் கூடாது. மாடு பரவாயில்லை, அதுவும் ஏற்கெனவே மாடு வைத்திருந்த வீடுகளுக்கு மட்டும், பால் சங்கத்து வண்டி வரும் தூரத்தில் இருந்தால் மட்டும், காப்பீட்டோடு. மாடே பார்க்காத வீட்டில் கறவை மாட்டைக் கட்டுவது இரண்டு ஜீவன்களுக்கும் தண்டனை.

பிள்ளைகளின் படிப்புக்கு எவ்வளவு என்று நீங்கள் கேட்கவே இல்லை. பள்ளிக்கூட ஜீப்புக்குக் காசில்லாமல் ஒன்பதாவது படிக்கும் பையன் ஒரு பருவம் வீட்டில் உட்கார்ந்தால், அடுத்த பருவம் அவன் திருப்பூரில் இருப்பான். கடை திரும்பத் திறக்கும், சாலை ஒருநாள் சரியாகும், அவன் மட்டும் வகுப்புக்குத் திரும்ப மாட்டான். கூப்பனைவிட முன்னால் இதற்கு ஒதுக்குங்கள்.

மீதியில் இரண்டரை லட்சத்துக்குக் குறையாமல் வங்கியில் வைப்பாகப் போட்டு, அடுத்த மழைக்கென்று தொடாமல் வையுங்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து எழுபது பேர் இறந்தபோது மின்சாரமும் இல்லை, போன் சிக்னலும் இல்லை. விஷயம் வெளியே தெரிய விடிந்துவிட்டது. அங்கே இறந்தவர்களில் பலர் கயத்தாறு பக்கத்து வேர் உள்ளவர்கள். மழை வலுக்கும் இரவுகளில் லைன்களைக் காலி செய்து பள்ளிக்கூடத்தில் தங்க வைக்க, ஜெனரேட்டருக்கு டீசல் போட, சமைத்துப் போட, அந்த நாட்களின் கூலி இழப்பை ஈடுகட்டப் பணம் கையில் இருக்க வேண்டும். "போனால் ஒரு நாள் கூலி போகும்" என்பதால் ஆபத்தான வீட்டில் படுத்திருக்கிறவர்கள் நிறையப் பேர். எச்சரிக்கை மட்டும் கொடுத்தால் அவர்கள் எழுந்து வர மாட்டார்கள், கூலிக்கு ஈடு சொன்னால் வருவார்கள். இது ஆய்வு முடிவு ஒன்றும் இல்லை, பல பேரிடம் பேசியதில் எனக்குப் பட்டது.

யார் கையில் பணம் இருப்பது? வெளியூரில் இருக்கும் உங்கள் கையில் முடிவெடுக்கும் உரிமையை வைத்துக்கொள்ளாதீர்கள். யூனியன் தலைவர்களிடமும் மொத்தமாக ஒப்படைக்க வேண்டாம். 2015 செப்டம்பரில் கொழுந்து பறிக்கும் பெண்கள் தாங்களே மூணாறு சாலையில் உட்கார்ந்து, யூனியன்களை ஒதுக்கிவைத்து, 20 சதவீத போனஸை வாங்கிய ஊர் அது. அந்தப் பெண்களின் அமைப்பான பெம்பிளை ஒருமை பிறகு பிளவுபட்டது வேறு கதை. கணக்குக் கேட்கத் தெரிந்த பெண்கள் அங்கே இருக்கிறார்கள் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. எஸ்டேட்டின் ஒவ்வொரு டிவிஷனுக்கும் (பகுதிக்கும்) இருவராகப் பெண்களை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும், மூன்று கையெழுத்து இருந்தால்தான் பணம் எடுக்க முடியும் என்று கணக்கைத் தொடங்குங்கள், வரவு செலவைத் தமிழிலும் மலையாளத்திலும் கடை வாசலில் மாதாமாதம் ஒட்டுங்கள். இப்போது பணம் யாரோ ஒருவரின் சொந்தக் கணக்கில் கிடந்தால் உடனே ஒரு பதிவு பெற்ற சங்கத்தின் பெயருக்கு மாற்றுங்கள். வளைகுடாவில் இருப்பவர்கள் இந்தியப் பாஸ்போர்ட்டோடு தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. அங்கே யாராவது வேறு குடியுரிமை பெற்றவர் அனுப்பியிருந்தால் அதைத் தொடாமல் ஒரு ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

ஒரு வருடம் கழித்து, கடையும் கூலியும் நிலைக்கு வந்த பிறகு, தையலோ காளானோ அந்தப் பெண்களே கேட்டால் அப்போது பேசலாம். இப்போதைக்குக் கடைகள் எத்தனை, ஒவ்வொன்றிலும் பற்றுப் பாக்கி ஏறத்தாழ எவ்வளவு, வாரத் தவணைக் கடன் எத்தனை வீட்டில் இருக்கிறது, பள்ளிக்கூட ஜீப்பில் போகும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று விசாரித்து இங்கேயே எழுதுங்கள். தொகையை எப்படிப் பிரிப்பது என்று அதை வைத்து இன்னும் திட்டமாகச் சொல்ல முடியும்.